கொடுங்கோல் ராஜாவுக்குக் கெட்டிக்கார ராணி: கதையை நம்பும்படி எழுதுவது எப்படி

ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் பையன் அடங்கிவிடுவான் என்று சொல்கிற பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்கிற நாம்தான், ராஜா ராணிக் கதை எழுத உட்கார்ந்ததும் அதே கால்கட்டைக் கையில் எடுக்கிறோம். சின்ன வயதில் பட்டமேறியவன், கண்ணில் பட்டவனையெல்லாம் கழுவேற்றுகிறான், அவனுக்குப் புத்திசாலிப் பெண் ஒருத்தி வாக்கப்படுகிறாள், இருபது அத்தியாயத்தில் அவன் ஏழைகளுக்குச் சோறு போட ஆரம்பித்துவிடுகிறான். நானும் இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். பதினெட்டாவது அத்தியாயத்தில் ராணி அழுதாள், ராஜா அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிறைக் கதவுகளைத் திறக்கச் சொன்னான், அத்தோடு எனக்கே கதை கசந்துபோய் அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கே தப்பு என்று தெரிந்துகொள்ள நிஜ ராணிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ராணியால் ராஜாவின் மனதையே மாற்ற முடிந்தது என்று நம்பிச் சொல்லும்படியாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்த முடிந்திருக்கிறது, அதுவும் அவள் பக்கத்தில் இருந்தவரைக்கும்தான். மனம் வேறு, கை வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கதைக்குத் தேவையான பயம், பதற்றம், தோல்வி எல்லாம் தானாக வந்து சேரும்.

அவன் ஏன் இப்படி ஆனான்?

முதல் வேலை இது. "கெட்டவன், அவ்வளவுதான்" என்று விட்டுவிட்டால் ராணிக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

ரஷ்யாவின் நான்காம் இவானை எடுத்துக்கொள்ளுங்கள். 3 வயதில் அப்பா போனார், எட்டு வயது முடியும் முன்பே அம்மாவும் போனாள். பிரபுக்கள் அரண்மனையைத் தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள். 1564இல், தன்னைவிட்டு ஓடிப்போன குர்ப்ஸ்கி என்ற பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், பட்டினி கிடந்ததையும், ஷுயிஸ்கி என்ற பிரபு தன் அப்பாவின் கட்டிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்ததையும் இவான் எழுதுகிறான். கடிதம் எழுதும்போது அவனுக்கு 30 தாண்டிவிட்டது, ஊரையே நடுங்கவைக்கிற ஜார், ஆனால் அந்தக் கால் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. 13 வயதில் அதே ஷுயிஸ்கி குடும்பத்தில் இன்னொருவனைப் பிடித்து நாய் வளர்க்கும் ஆட்களிடம் ஒப்படைத்தான், அவர்கள் அடித்தே கொன்றார்கள். 1547இல், 16 வயதில் முடிசூட்டிக்கொண்டு, சில வாரங்களில் அனஸ்தாசியாவைக் கட்டிக்கொண்டான். அடுத்த பதிமூன்று வருஷம் அவன் ஆட்சியில் நல்ல காலம் என்று சொல்கிறார்கள். 1550இல் புதிய சட்டத்தொகுப்பு வந்தது அந்தக் காலத்தில்தான்.

இது பயத்தில் பிறந்த கொடுமை. பயந்த பிள்ளைக்கு முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று உறுதி தருகிற ஒரு ஆள் கிடைத்தால் கொஞ்சம் தணியும். இங்கே ராணிக்கு வேலை இருக்கிறது.

விளையாட்டாகக் கொடுமை செய்கிறவன் வேறு ரகம். ரோமில் 24 வயதில் பட்டத்துக்கு வந்த கலிகுலா, மனைவியின் கழுத்தில் முத்தமிடும்போதெல்லாம் "நான் ஒரு வார்த்தை சொன்னால் இந்த அழகான தலை போய்விடும்" என்பானாம், ரோம வரலாற்றாசிரியர் சுவேட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். இந்த ஆளிடம் நீங்கள் எவ்வளவு பெரிய கெட்டிக்காரியைக் கொண்டுபோய் விட்டாலும், அவளுடைய கெட்டிக்காரத்தனமும் அவனுக்கு இன்னொரு பொம்மைதான். அவளைத் தப்பிக்கவைக்கிற கதையை எழுதலாம், அவனைத் திருத்தவைக்கிற கதையை எழுதாதீர்கள்.

மூன்றாவது, நோய். டென்மார்க்கின் ஏழாம் கிறிஸ்டியன் 1766இல் 16 வயதில் அரசனானான், அதே வருஷம் 15 வயது கரோலின் மட்டில்டாவை மணந்தான். அவனுக்கு மனநோய். அவளுக்கும் அரச மருத்துவர் ஸ்ட்ருயென்சேவுக்கும் உறவு ஏற்பட்டு, நாட்டையே அந்த மருத்துவர் நடத்துகிற நிலை வந்து, 1772இல் அவர் தலை போனது, அவள் நாடுகடத்தப்பட்டு 23 வயதில் செத்துப்போனாள். நோயை மனைவியின் சாமர்த்தியத்தால் குணப்படுத்தியதாக எழுதினால் படிப்பவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது.

கதைக்கு ரொம்ப வசதியானது நான்காவது வகை: பிறந்ததிலிருந்து யாரும் "வேண்டாம்" என்று சொல்லாததால் இப்படி ஆனவன். அந்த வார்த்தையே அவனுக்குப் புதிது. யார் முதலில் சொல்கிறார்கள், எந்தக் குரலில், சொன்னபிறகு உயிரோடு இருக்கிறார்களா என்பதிலேயே பாதிக் கதை ஓடிவிடும்.

அவள் கையில் என்ன இருக்கிறது?

புத்தி மட்டும் போதாது. புத்தி என்பது சீட்டை எப்படி ஆடுவது என்பதுதான், முதலில் கையில் சீட்டு வேண்டும். அவளுடைய அப்பாவின் படையா, அவனுக்கு வாரிசு தரப்போகிற வயிறா, அவனைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியமா? எழுத ஆரம்பிக்கும் முன் இதைத் தனியாக ஒரு தாளில் எழுதிவையுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால் உங்கள் ராணி வெறும் வாயாடி.

நீரோவின் முதல் மனைவி ஒக்டேவியாவிடம் இருந்த சீட்டு பெரியது. அவள் முந்தைய சக்கரவர்த்தி கிளாடியஸின் மகள், அவளைக் கட்டியதால் நீரோவின் உரிமைக்கு வலு கூடியது. அவளை விவாகரத்து செய்யப் பார்த்தபோது காவல்படைத் தலைவன் புர்ரஸ், "அப்படியானால் அவள் கொண்டுவந்த சீதனத்தையும் திருப்பிக் கொடுத்துவிடு" என்றான் என்று ஒரு கதை உண்டு. சீதனம் என்றால் ரோம சாம்ராஜ்யம்! எவ்வளவு அழகான வசனம் பாருங்கள். ஆனால் 62இல் புர்ரஸ் செத்தான், அதே வருஷம் அவள் விவாகரத்தாகி, தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே கொல்லப்பட்டாள். சீட்டு அவளுடையது, அதைப் பிடித்திருந்த கை இன்னொருவனுடையது. உங்கள் ராணியின் பலம் எந்த ஆள் செத்தால் போகும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். எழுபதாம் பக்கத்தில் அந்த ஆளைக் கொல்லலாம்.

எனக்குப் பிடித்த சீட்டு வேறு. சீனாவில் மிங் வம்சத்தைத் தொடங்கிய ஹோங்வூ சக்கரவர்த்தி, ஆயிரக்கணக்கில் கொன்ற ஆள், இளைஞனாகக் கிளர்ச்சிப் படையில் இருந்தபோது தலைவனின் கோபத்துக்கு ஆளாகி அடைத்துவைக்கப்பட்டான். அந்தத் தலைவனின் வளர்ப்பு மகளான அவன் மனைவி மா, அடுப்பிலிருந்து சுடச்சுட ரொட்டியைத் திருடி, யாருக்கும் தெரியாமலிருக்க மார்புக்குள் மறைத்து எடுத்துப்போனாள், தோல் கருகிவிட்டது. பிற்காலத்தில் அவன் சிம்மாசனத்தில் இருக்கும்போது அவனிடம் எதிர்த்துப் பேச அவளுக்கு இருந்த உரிமை இந்தத் தழும்பில் இருந்து வருகிறது. அவன் யாருமில்லாதவனாக இருந்ததைப் பார்த்தவள் அவள். உங்கள் ராஜாவையும் பட்டத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது அசிங்கப்படவைத்து, அதை அவள் பார்த்திருக்கும்படி செய்யுங்கள். அரண்மனைக்கு வந்தபிறகு கல்யாணம் என்றால் இந்தச் சீட்டு கிடையாது, அப்போது வேறு தேடவேண்டும்.

எப்படிப் பேசுகிறாள்?

கோபக்கார அரசனிடம் இருப்பவன் குளிர் காய்கிறவன் மாதிரி ரொம்ப விலகாமலும் ரொம்ப நெருங்காமலும் இருக்கவேண்டும் என்கிறது குறள். மந்திரிக்கு அது சரி, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். ராணி எங்கே போவாள்? அவள் படுத்துறங்குவதே நெருப்புக்குள். ஆகையால் அவள் பேசுகிற முறையும் மந்திரி பேசுகிற மாதிரி இருக்க முடியாது.

சீனாவில் தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி தைசோங் 626இல் கூடப்பிறந்த இரண்டு பேரைக் கொன்று அந்த வருஷமே அரியணை ஏறியவன், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒருநாள் சபையிலிருந்து கொதித்துக்கொண்டு வருகிறான்: "அந்தப் பட்டிக்காட்டானை ஒருநாள் கொல்லாமல் விடமாட்டேன்." யாரை? எல்லார் முன்னாலும் தவறைச் சுட்டிக்காட்டும் வெய் செங் என்ற மந்திரியை. ராணி சாங்சுன் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனாள், விழாவுக்கு உடுத்தும் அரச உடையை முழுதாக உடுத்திக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றாள். அவனுக்குத் திகைப்பு, என்ன இது என்கிறான். அரசன் தெளிவானவனாக இருந்தால்தான் மந்திரி நேர்மையாகப் பேசுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வெய் செங் இப்படிப் பேசுகிறான் என்றால் நீங்கள் அப்படிப்பட்ட அரசர், வாழ்த்தாமல் இருக்கலாமா என்கிறாள்.

அந்த உடையை உடுத்த எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுக்கடுக்கான துணி, தலை அலங்காரம். அத்தனை நேரமும் அவன் தனியாக நின்று கொதித்துக் கொதித்து ஆறியிருக்கிறான். என் கணக்கில் பாதி வேலையை வாழ்த்து செய்தது, மீதியை அந்தத் தாமதம் செய்தது.

மா செய்ததும் இதே ரகம். 1380இல் ஒரு சதி வழக்கில் தன் பேரன் சிக்கியதால், இளவரசனுக்குப் பாடம் சொன்ன முதியவர் சோங் லியானுக்கும் மரணதண்டனை. குருவை நடத்துகிற முறையா இது என்று வாயால் கேட்டுப் பார்த்தாள், அவன் கேட்கவில்லை. அடுத்து, சாப்பாட்டு நேரத்தில் இறைச்சியையும் மதுவையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று அவனே கேட்டான். சோங் வாத்தியாருக்காகப் புண்ணியம் சேர்க்கிறேன் என்றாள், அவர் செத்தாயிற்று என்பது போல. சாப்பிடும் குச்சிகளை எறிந்துவிட்டு அவன் எழுந்து போனான். மறுநாள் தண்டனை குறைந்து நாடுகடத்தலானது.

இரண்டிலும் ராணி "நீ செய்வது தப்பு" என்று முடிக்கவில்லை. அவன் பின்வாங்குவதற்கு ஒரு கதவைத் திறந்துவைத்தாள், தோற்றமாதிரி தெரியாமல் வெளியே வருகிற கதவு. சிலசமயம் அந்தக் கதவு எல்லார் முன்னாலும் இருக்கவேண்டும்: 1347இல் பிரான்சின் கலே நகரத்து ஆறு பெரியவர்களை இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் கொல்லப்போனபோது, கர்ப்பிணி ராணி பிலிப்பா சபைநடுவே மண்டியிட்டாள் என்று அந்தக் காலத்து எழுத்தாளர் சொல்கிறார். அவனே ஏற்கெனவே விடத்தான் நினைத்திருந்தான், அவளை வைத்து நாடகம் போட்டான் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சந்தேகம் தங்கம்.

சரி, ஒரு காட்சியை எழுதிப்பார்ப்போம்

20 வயது ராஜா. பக்கத்து நாட்டுக்குப் போகும் கடிதத்தில் அவன் பட்டப்பெயர் ஒன்று விட்டுப்போயிற்று. "எழுத்தன் கையை வெட்டு."

நான் முன்பு எழுதியிருக்கக்கூடிய விதம்: ராணி காலில் விழுகிறாள், அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்கிறாள், ராஜா இளகுகிறான். இது ஏன் ஒட்டாது என்றால், இவன் இதுவரை யாருடைய பிள்ளைகுட்டியையும் பற்றி நினைத்தவன் இல்லை. மேலும் பெண்டாட்டி சொல் கேட்டதைச் சபையே பார்த்துவிட்டது, அப்படி இல்லை என்று காட்ட நாளைக்கு ரெண்டு பேரை வெட்டுவான்.

இன்னொரு விதம். ராணி கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறாள். "எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. இதே கையில் இன்னும் நாலு கடிதம் பாதியில் கிடக்கிறதாம். கை மாறினால் இங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் நினைப்பார்கள். முடித்துக் கொடுக்கட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்." அவனுக்கு நியாயமாகப் படுகிறது, வெட்டுவதை அவள் தடுக்கவே இல்லையே. எழுத்தன் என்ன செய்வான்? மெதுவாக எழுதுவான். மசி தீர்ந்துவிட்டது என்பான், ஒரு வரியை நாலு தடவை அழித்து எழுதுவான், ராத்திரியில் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடப்பான். ஆறாம் நாள் சதுரங்கம் ஆடும்போது ராஜா கேட்கிறான்: "அந்த எழுத்தன் கை இன்னும் இருக்கிறதா?" பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் ராணி சொல்கிறாள்: "இருக்கிறது. உங்கள் யானையைப் பாருங்கள், அது போகப்போகிறது."

இங்கே அத்தியாயத்தை நிறுத்துங்கள். அவன் சிரித்தானா இல்லையா என்று எழுதாதீர்கள். மறந்துவிட்டானா, மறக்காமல் விளையாடுகிறானா என்பது அவளுக்கும் தெரியக்கூடாது.

தோற்கவிடுங்கள்

ஐந்து தடவை முயன்றால் மூன்று தடவையாவது தோற்கவேண்டும், அதில் ஒன்று அவளுக்கு ரொம்ப வேண்டியவருடைய உயிராக இருக்கட்டும். இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டின் ராணி ஆன், மற்றவர்களுக்காகக் கெஞ்சுவதற்கே பேர்போனவள். 1388இல் ரிச்சர்டின் ஆசான் சைமன் பர்லிக்காகப் பிரபுக்கள் முன் மண்டியிட்டாள். உனக்காகவும் உன் புருஷனுக்காகவும் வேண்டிக்கொள், இதை விட்டுவிடு என்று பதில் வந்தது, பர்லியின் தலையும் போனது. கொடுமை எப்போதும் ராஜாவிடமிருந்துதான் வரும் என்றில்லை பாருங்கள்.

இன்னொன்று, அவள் ஒருத்தியே முழு பிரேக்காக இருக்க முடியாது. இவானின் நல்ல வருஷங்களில் அதாஷெவ், சில்வெஸ்தர் என்று இரண்டு ஆலோசகர்களும் கூட இருந்தார்கள், நீரோவின் நல்ல வருஷங்களுக்கு அவன் ஆசான் செனகாவும் புர்ரஸும் இருந்தார்கள். உண்மையான கெட்டிக்காரி முதலில் செய்வது தனக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேரை உட்காரவைப்பது. இதற்கு ஒரு அத்தியாயம் போதும், இழுக்கவேண்டாம்.

அவள் கொடுக்கிற விலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவள் காப்பாற்றிய ஒவ்வொருவருக்கும் பின்னால் அவள் பேசாமல் விட்ட நாலு பேர் இருக்கிறார்கள், அன்றைக்கு அவன் முகம் சரியில்லை, நாளைக்கு இன்னும் முக்கியமான ஒருவருக்காகப் பேச்சைச் சேமித்துவைக்கவேண்டும் என்று கணக்குப் போட்டதால் செத்தவர்கள். அந்தப் பெயர்களை அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். இதை எழுதும்போது ஒன்று: அடிக்கிற புருஷனை அன்பால் திருத்திவிடலாம் என்று நிஜத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் யாராவது உங்கள் கதையைப் படித்து நம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராணிக்குப் போக இடமில்லை, அதனால் இருந்தாள். இடம் இருக்கிறவர்கள் போகலாம்.

போகிற ராணியையும் எழுதலாம், அனுப்பிவிடுகிற ராணியையும் எழுதலாம். ரஷ்யாவின் மூன்றாம் பீட்டர் 1762இல் ஆறு மாதம்தான் ஆண்டான். அவனைத் திருத்துவதில் அவன் மனைவி கத்தரீன் நேரம் போக்கவில்லை, காவல்படையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவனை இறக்கிவிட்டுத் தானே ஏறி 34 வருஷம் ஆண்டாள். இறங்கிய சில நாளில் அவன் கொல்லப்பட்டான். கொடுங்கோல் ராஜாவை ராணி என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தான், கொஞ்சம் அசிங்கமான பதில்.

அவளை எடுத்துவிட்டுப் பாருங்கள்

அவன் மாறினானா என்பதற்கு ஒரே பரிசோதனை, ராணியைக் கதையிலிருந்து எடுப்பது. ஆன் 1394இல் இறந்தாள். இறுதிச் சடங்குக்குத் தாமதமாக வந்த அருண்டெல் பிரபுவை ரிச்சர்ட் தேவாலயத்துக்குள்ளேயே ரத்தம் வரும்படி அடித்தான், அவள் இறந்த ஷீன் அரண்மனையை இடிக்கச் சொன்னான். மூன்று வருஷத்தில் அருண்டெலின் தலை போனது, இன்னும் இரண்டு வருஷத்தில் ரிச்சர்டின் முடி போனது. அனஸ்தாசியா 1560இல் இறந்தாள். விஷம் வைத்துவிட்டார்கள் என்று இவான் கடைசிவரை நம்பினான், ஐந்து வருஷத்தில் தன் சொந்தப் படையான கறுப்பு உடை ஆட்களை ஊர்மேல் ஏவினான், 1570இல் நோவ்கொரோத் நகரத்தையே சூறையாடினான். என் இளம் மனைவியை என்னிடமிருந்து பறித்திருக்காவிட்டால் இதெல்லாம் நடந்திருக்காது என்று குர்ப்ஸ்கிக்குப் பின்னாளில் எழுதினான். அவன் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம், கொலைகாரனுக்குச் செத்துப்போன மனைவி வசதியான சாக்கு. உங்கள் ராஜாவும் இதே சாக்கைச் சொல்லட்டும், படிப்பவர்கள் முடிவுசெய்துகொள்வார்கள்.

கடைசி அத்தியாயம் எழுதத் தெரியாமல் நிற்கிறவர்களுக்கு மறுபடியும் மாவைத்தான் காட்டுவேன். 1382, கல்யாணமாகி முப்பது வருஷம். படுத்த படுக்கை. மருத்துவர்கள் வேண்டாம், மருந்து வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். ஏன் என்றதற்கு, மருந்து பலிக்காமல் போனால் என் பொருட்டு அந்த மருத்துவர்களைத் தண்டித்துவிடுவீர்களே என்றாள். அவளுக்குப் பிறகு அவன் யாரையும் ராணியாக்கவில்லை. 1393இல் ஒரே வழக்கில் பதினைந்தாயிரம் பேரளவில் கொன்றான்.